ஏழாவது தட்டு

விலைப்பட்டியல் இல்லை.
பட்டியலே இல்லை.
'உங்களிடம் விட்டுவிடுகிறோம்' என்று
சமைப்பவரிடம் சொல்லிவிட்டு உட்கார வேண்டுமாம்.
அதற்கு ஜப்பானிய மொழியில் ஒரே சொல்.
எட்வின் அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்தான்,
மூன்று விதமாக.

லாவெல் சாலை, பதினாறாவது மாடி.
கீழே கப்பன் பூங்கா ஒரு கறுப்புக் குட்டை,
அதன் கரையெல்லாம் சிவப்பு விளக்குகள், நகராமல்.
நாங்கள் ஆறு பேர்
ஒரே மரத்தில் அறுத்த நீளப் பலகையின் முன்
பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி.

குழுவின் மகிழ்ச்சிக்கென்று ஒரு நிதி இருக்கிறது.
மார்ச்சுக்குள் தீர்க்காவிட்டால்
அடுத்த வருடம் வெட்டிவிடுவார்கள்.
அதனால்தான் இங்கே, என்றேன்.
பொய் இல்லை அது.

முதலில் ஒரு மூடி போட்ட கிண்ணம்,
உள்ளே வெந்நீர் போல ஏதோ.
எட்வின் மோந்து பார்த்தான்.
"அக்கா, இது மாசி. சத்தியமா மாசிதான்.
எங்க தூத்துக்குடிக் கடையில தொங்குமே, அதே கட்டை மாசி.
இதுக்கா இந்த அலங்காரம்?"
கத்தியோடு நின்றவர் சிரித்தார்.
கலிம்போங்காரர், ஒசாகாவில் ஒன்பது வருடம்.
"மூக்கு சரியாகத்தான் சொல்கிறது" என்றார் இந்தியில்.
அதற்கப்புறம் எட்வினின் தட்டில் மட்டும்
துண்டுகள் ஒரு நூல் தடிமனாக விழுந்தன.

ஸ்ரீவத்ஸாவுக்கு மீன் ஆகாது.
கத்தரிக்காயை மீனைப் போலவே அறுத்து
மீனைப் போலவே சோற்றின்மேல் படுக்க வைத்தார்கள்.
நஸ்ரின் எல்லாவற்றையும் படம் எடுத்தாள்,
காலித் தட்டையும்.
லால்ரெமியிடம் பக்கத்து இருக்கைக்காரர்
"நீங்கள் ஜப்பானா?" என்றார்.
"ஐசால்" என்றாள், நிமிராமல்,
கதவைச் சாத்துகிற மாதிரி.

பச்சை விழுதை மொத்தமாக வாயில் போட்டுக்கொண்டு
திம்மேஷ் அழுதான்.
பலகையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.
நானும் தொட்டுக்கொண்டேன்,
தேவைக்குக் கொஞ்சம் மேலே.

ஏழாவது தட்டில் விலாங்கு.
தணலில் வாட்டி, இனிப்பும் கறுப்புமாய் ஏதோ பூசி,
தோல் மினுமினுக்க.
தலை இல்லை. வால் இல்லை.
நடுத்துண்டு மட்டும்
ஒரு வார்க் கடற்பாசியால் சோற்றோடு கட்டப்பட்டு.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமென்று
நம்மில் ஒரு பேச்சு உண்டு.
இரண்டையும் நறுக்கி எங்கோ போட்டுவிட்டார்கள்.
மிச்சம் என் முன்னால் கிடந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு
கண்ணாடி அறையில் கேட்டார்கள்:
ஐந்தில் யார் யார்?
உங்களிடம் விட்டுவிடுகிறேன், என்றேன்.
இல்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.
சொன்னேன்.
இரண்டு பெயர்,
எழுத்துக்கூட்டி.

"சாப்பிடலயாக்கா?"
"நீ எடுத்துக்கோ, எட்வின்."
ஒரே வாய். கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.
"அப்பா வலையில இது வந்தா
பாம்புன்னு உதறிவிட்டுருவாரு."
விரலை நக்கினான்.
"பாவம், தெரியாமப் போச்சு அவருக்கு."

பில் ஒரு சிறிய மரப்பெட்டியில் வந்தது,
உள்ளே இன்னொரு பதார்த்தம் இருப்பதுபோல.
ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துச் சொச்சம்.
எட்வினின் மாதச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூட.
எனக்குத் தெரியும்,
அந்தத் தாளும் என்னிடம்தான் இருக்கிறது.
கையெழுத்திட்டேன். பேனா நன்றாக எழுதியது.

வாசல்வரை வந்து எல்லோரும் குனிந்தார்கள்.
நாங்களும் பதிலுக்குக் குனிந்தோம்,
யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல்.

லிஃப்டில் எட்வின்:
"திங்கக்கிழமை மாசிச் சம்பல் இடிச்சுக் கொண்டுவாரேன்,
ஆறு பேருக்கும்."

பதினாறு. பதினைந்து. பதினான்கு.

"காரம் குறைச்சலா" என்றேன்.